கல்லூரிக் கூடைப்பந்து ஸ்காலர்ஷிப்: கொடுத்த ஆஃபரைத் திரும்பப் பெற்றால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடி, ஸ்காலர்ஷிப்பில் படிக்க நினைக்கும் மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்குமான பக்கம் இது. பெரும்பாலான விதிகள், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உச்சப் பிரிவான டிவிஷன் 1 பற்றியவை. மற்ற பிரிவுகளுக்குத் தனிக் கேள்வி உண்டு.

"உனக்கு ஆஃபர் தருகிறோம்" என்று கோச் சொல்லிவிட்டார். இடம் உறுதிதானே?

இல்லை. 'ஆஃபர்' என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். முதல் நிலை, "உன் ஆட்டம் பிடித்திருக்கிறது, கவனித்து வருகிறோம்" என்பது. உதவிக் கோச் ஆட்டம் முடிந்த கையோடு போனில் சொல்வது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, தலைமைக் கோச்சின் ஒப்புதலோடு வரும் வாய்மொழி ஆஃபர். இன்றைக்கு நீங்கள் சம்மதம் சொன்னால் அவர்களும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அது இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தாது. மூன்றாவது, கல்லூரி எழுத்தில் தரும் நிதியுதவி ஒப்பந்தம். சட்டப்படி எடை உள்ளது இது ஒன்றுக்குத்தான்.

டிவிஷன் 1 ஆண்கள் கூடைப்பந்தில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் கோச்சுகள் மாணவரோடு நேரடியாகப் பேசலாம். எழுத்து ஆஃபரோ பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1க்கு முன் வரக்கூடாது. கையெழுத்து நவம்பர் நடுவில்தான் தொடங்கும். 2025இல் அந்த நாள் நவம்பர் 12. அதாவது பதினாறு வயதில் ஒருவர் "கமிட்" ஆகிவிட்டதாக, அதாவது ஒரு கல்லூரிக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகச் சமூக வலைத்தளத்தில் அறிவித்தால், அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் கையில் ஒரு காகிதமும் இருக்காது. ஆஃபர்கள் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எப்படி இருக்கும்?

கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் தரும் ஆவணமாக இருக்கும். எந்தக் கல்வியாண்டு, எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொகை, அந்தத் தொகையில் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், இதரச் செலவு எவையெல்லாம் அடக்கம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். நிதியுதவி அதிகாரியின் கையெழுத்து வேண்டும். மாணவர் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். கோச் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பிய அழகான லெட்டர்ஹெட் கடிதம் ஒப்பந்தம் ஆகாது. உங்கள் பெயர் அச்சிட்ட ஜெர்சியோடு எடுத்த படமும் ஆகாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: கல்லூரியில் அட்மிஷன் கிடைக்க வேண்டும், என்.சி.ஏ.ஏ. தகுதி மையம் படிப்பையும் அமெச்சூர் நிலையையும் சான்றளிக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஒப்பந்தம் செல்லாது.

முன்பு 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்று ஒன்று இருந்ததே?

மாணவர் ஒரு கல்லூரியில் சேர உறுதி தந்து கையெழுத்திடும் அந்தக் கடிதம் 1964 முதல் இருந்தது. 2024 அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. அதை நீக்கிவிட்டது. இப்போது நிதியுதவி ஒப்பந்தமே அதன் வேலையையும் செய்கிறது: நீங்கள் கையெழுத்திட்டதும் மற்ற கல்லூரிகள் உங்களை அணுகுவதை நிறுத்த வேண்டும். பழைய கடிதத்தில் கையெழுத்திட்டு மனம் மாறிய மாணவருக்கு ஆட்டத் தடை இருந்தது. அந்தத் தண்டனை இப்போது இல்லை. பழைய வழிகாட்டிகள் இணையத்தில் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசும் எதையும் 2024க்கு முந்தையது என்று தள்ளிவையுங்கள்.

ஏன் ஆஃபரைத் திரும்பப் பெறுகிறார்கள்?

இன்றைக்கு முதல் காரணம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயர் பதியும் பட்டியல். 2018 அக்டோபரில் அது தொடங்கியது. 2021இல் ஒரு முறை தடையின்றிக் கல்லூரி மாறலாம் என்றார்கள். 2024 ஏப்ரல் முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். ஆட்டக்காலம் முடிந்த வசந்தத்தில், ஏற்கெனவே கல்லூரியில் ஆடி, உடல் தேறிய 21, 22 வயது ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பட்டியலுக்குள் வருகிறார்கள். வேலை போகுமோ என்ற பயத்தில் இருக்கும் கோச்சுக்கு, இரண்டு வருடம் வளர்த்தெடுக்க வேண்டிய பள்ளி மாணவரைவிட உடனே களமிறக்கக்கூடியவர் மேல். பள்ளி மாணவருக்குச் சொல்லிவைத்த இடம் அப்போது பறிபோகிறது.

இரண்டாவது காரணம் இடங்களின் எண்ணிக்கை. டிவிஷன் 1இல் முன்பு ஆண்கள் அணிக்கு 13 முழு ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 15. ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், இரண்டு அணிகளுக்கும் 15 பேர் என்ற ரோஸ்டர் (அணிப் பட்டியல்) வரம்பு வந்தது. ஸ்காலர்ஷிப் இடம் கூடியது போலத் தெரியும். ஆனால் சொந்தச் செலவில் அணியில் இருக்கும் 'வாக்-ஆன்' ஆட்டக்காரரும் அந்த 15க்குள்தான். "ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் அணியில் இடம் உண்டு" என்று முன்பு ஆறுதலாகக் கொடுத்த இடமும் இதனால் சுருங்கிவிட்டது.

மூன்றாவது, கோச் மாற்றம். இதற்குக் கீழே தனிக் கேள்வி உண்டு.

நான்காவது, படிப்பு. டிவிஷன் 1 தகுதிக்கு 16 மையப் பாடங்களும் அவற்றில் 2.3 ஜி.பி.ஏ.வும் (4க்கு, மதிப்பெண் சராசரி) வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இவற்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மற்றவை 4. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் இந்த 16இல் 10 முடிந்திருக்க வேண்டும். அந்த 10இல் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பாடங்களின் மதிப்பெண் அத்தோடு பூட்டப்படும். கடைசி வருடத்தில் திரும்ப எழுதி ஏற்ற முடியாது. உங்கள் பள்ளிக்கான மையப் பாடப் பட்டியலில் இல்லாத பாடம் எண்ணிக்கையில் வராது. அவசரத்துக்கு எடுத்த ஆன்லைன் பாடங்கள் பல இங்கேதான் கழிந்துவிடுகின்றன. மார்ச் மாதத்தில் டிரான்ஸ்கிரிப்டை (பள்ளி மதிப்பெண் பட்டியலை) பார்த்து கோச் பின்வாங்கினால் அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பட்டியலை எடுத்து ஒப்பிட்டிருந்தால் அது தெரிந்திருக்கும்.

கையெழுத்துக்கு முன் வந்த காயம், எதிர்பார்த்த உயரம் வராதது, சமூக வலைத்தளப் பதிவு, அதே இடத்துக்கு இன்னும் நல்ல ஆட்டக்காரர் சம்மதித்தது ஆகியவையும் நடக்கின்றன.

இவற்றில் எது நியாயம், எது அநியாயம்?

படிப்பில் தகுதி தவறியது, முக்கியமான தகவலை மறைத்தது, கடுமையான ஒழுங்கீனம் ஆகியவற்றுக்காகப் பின்வாங்குவது நியாயமே. மாணவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி, மற்ற கல்லூரிகளுக்கு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது, "இன்னும் நல்லவர் கிடைத்தார்" என்பதற்காகக் கைவிடுவது அநியாயம். விதிப்புத்தகம் அதைத் தடுக்கவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

அநியாயத்தின் அளவை நாங்கள் தேதியை வைத்தே பார்க்கிறோம். செப்டம்பரில் திரும்பப் பெற்ற ஆஃபர் வலிக்கும், ஆனால் வேறு வழி தேட நேரம் இருக்கும். அதே செய்தி ஏப்ரலில் வந்தால், மற்ற அணிகளின் இடங்கள் நிரம்பியிருக்கும், பெரும்பாலான கல்லூரிகளின் விண்ணப்பக் கெடு ஜனவரியோடு முடிந்திருக்கும், கல்லூரியின் சொந்த நிதியுதவியைப் பங்கிட்டும் முடித்திருப்பார்கள். கோச்சுக்கு இழப்பு ஒன்றுமில்லை. மாணவருக்கு ஒரு வருடம் போகிறது.

கமிட் ஆகும் முன் கோச்சிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் தயங்குகிறார்கள். கோச்சுகள் இந்தக் கேள்விகளுக்குப் பழகியவர்கள். கேட்காத குடும்பத்தைத்தான் எளிதில் கைவிடுவார்கள்.

"இன்றைக்கே நான் சம்மதம் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று முதலில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அது முதல் நிலை ஆஃபர். அடுத்து, "நான் சேரும் ஆண்டில் எத்தனை இடம் காலி? என் பொசிஷனில் இன்னும் எத்தனை பேருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறீர்கள்?" காலி இடம் ஒன்று, ஆஃபர் ஆறு என்றால் முதலில் சம்மதிப்பவருக்குத்தான் இடம். "முழு ஸ்காலர்ஷிப்பா, பகுதியா? எத்தனை ஆண்டுக்கு எழுதித் தருவீர்கள்?" என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஸ்காலர்ஷிப் வரம்பு நீங்கிய கல்லூரிகள் தொகையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதால், 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல் இப்போது முழுத்தொகையைக் குறிக்க வேண்டியதில்லை. "அட்மிஷன் அலுவலகம் என் மதிப்பெண்களை முன்கூட்டியே பார்த்துவிட்டதா?" என்பதும் அவசியம்.

கடைசிக் கேள்வி கொஞ்சம் கூச்சமானது: "உங்கள் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது? நீங்கள் போய்விட்டால் இந்த ஆஃபரை யார் காப்பாற்றுவார்?" நேர்மையான கோச் "என்னால் உத்தரவாதம் தர முடியாது" என்பார். அந்தப் பதிலே நல்ல அடையாளம்.

கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், அல்லது நீக்கப்பட்டார். என் நிலை?

கையெழுத்திட்ட ஒப்பந்தம் கோச்சோடு அல்ல, கல்லூரியோடு. புதிய கோச்சுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கல்லூரி பணத்தை நிறுத்த முடியாது. ஆனால் உங்களை ஆடவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "இங்கே உனக்கு ஆட நேரம் கிடைக்காது, போர்ட்டலுக்குப் போவது உனக்கு நல்லது" என்ற பேச்சு வரும். அவசரப்பட்டுப் பெயரைப் போர்ட்டலில் போட்டுவிடாதீர்கள். போட்டதும் நடப்புப் பருவத்தின் முடிவோடு உதவித்தொகையை நிறுத்தும் உரிமை கல்லூரிக்கு வந்துவிடுகிறது. அதாவது நீக்க முடியாத ஒருவரைத் தானே விலக வைக்கும் வழி அது.

வாய்மொழி ஆஃபர் மட்டுமே இருந்தால், பழைய கோச்சின் வார்த்தை அவரோடு போய்விட்டது. புதிய தலைமைக் கோச்சின் பெயர் அறிவிக்கப்பட்ட அன்றே ஆட்டக் காணொளி, டிரான்ஸ்கிரிப்ட், முந்தைய மின்னஞ்சல்கள் மூன்றையும் அவருக்கு அனுப்புங்கள். விடை தர ஒரு தேதியும் கேளுங்கள். அந்தத் தேதி வரை மற்ற கல்லூரிகளோடு பேசுவதை நிறுத்த வேண்டாம். பழைய கோச் தன் புதிய கல்லூரிக்கு உங்களை அழைக்கலாம். அப்படி நடப்பதுண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கையெழுத்திட்டு, படிக்கவும் தொடங்கிவிட்டேன். இப்போதும் பறிக்க முடியுமா?

1973 முதல் நெடுங்காலம் ஸ்காலர்ஷிப் என்பது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒன்றாக இருந்தது. "சரியாக ஆடவில்லை" என்று கோச் அடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம். பல ஆண்டு ஒப்பந்தத்துக்கு 2012இல் வழி திறந்தது. 2015இல் ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்கள் (கல்லூரிகளின் போட்டிக் கூட்டமைப்புகள்), ஆட்டத்திறமையைக் காரணம் காட்டி நிறுத்தக்கூடாது என்று விதி செய்தன. 2024 ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பாதுகாப்பு டிவிஷன் 1 முழுவதற்கும் வந்துவிட்டது. முழு ஸ்காலர்ஷிப்பில் இருந்தவர் படிப்பை முடிக்காமல் போயிருந்தால் பத்தாண்டுக்குள் திரும்பி வந்து முடிக்கப் பணம், ஆட்டத்தில் வந்த காயத்துக்கு விலகிய பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு மருத்துவச் செலவு ஆகியவையும் அந்த உறுதிகளில் அடங்கும்.

காயமோ நோயோ மனநலப் பாதிப்போ உதவியைக் குறைக்கக் காரணம் ஆகாது. ஆட்டத் தகுதி இழப்பது, பொய்த் தகவல், கடுமையான ஒழுங்கீனம், தானாக அணியை விட்டு விலகுவது ஆகியவை காரணம் ஆகும். இதில் கடைசியைக் கவனியுங்கள். கோபத்தில் "நான் இனி வரமாட்டேன்" என்று அனுப்பும் குறுஞ்செய்தியைத் தானாக விலகியதற்கான சான்றாகக் காட்டலாம்.

குறைத்தாலோ நிறுத்தினாலோ எழுத்தில் சொல்ல வேண்டும்; மேல்முறையீட்டு வாய்ப்பு பற்றி 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்பதை ஜூலை 1க்குள் அறிவிக்க வேண்டும். மேல்முறையீட்டை விளையாட்டுத் துறை விசாரிக்கக்கூடாது, அதற்கு வெளியே உள்ள குழுதான் விசாரிக்க வேண்டும். தோற்றுவிடுவோம் என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள். கோச் பேச்சில் சொன்ன காரணத்தை ஒரு குழுவின் முன் எழுத்தில் நிறுவுவது எளிதல்ல.

நேற்று ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

முதல் நாள்: போனில் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். திட்ட வேண்டாம். "இன்றைய பேச்சின்படி 2027 சேர்க்கைக்கான ஸ்காலர்ஷிப் ஆஃபர் இனி இல்லை என்று புரிந்துகொண்டேன், காரணம் ரோஸ்டர் இடம் என்று சொன்னீர்கள்" என்ற இரண்டு வரி போதும். படிப்போ நடத்தையோ காரணம் இல்லை என்பதை எழுத்தில் வாங்குவதே இதன் நோக்கம். அடுத்த கல்லூரியின் கோச் கேட்கும் முதல் கேள்வி "ஏன் விட்டார்கள்?" என்பதுதான்.

இரண்டாம் நாள்: இதற்கு முன் ஆஃபர் தந்த, ஆர்வம் காட்டிய எல்லா கோச்சுகளுக்கும் எழுதுங்கள். நீளக் கடிதம் வேண்டாம். உயரம், பொசிஷன், மையப் பாட ஜி.பி.ஏ., இந்த ஆட்டக்காலத்தின் முழு ஆட்டக் காணொளி இரண்டு, மூன்று நிமிடத் தொகுப்பு ஒன்று, என்.சி.ஏ.ஏ. எண், பள்ளிக் கோச்சின் தொடர்பு. "இடம் உண்டா, எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வீர்கள்?" என்று முடியுங்கள். மாணவரே எழுதட்டும். அப்பா அம்மா எழுதும் கடிதத்தைப் பல கோச்சுகள் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

முதல் வாரத்துக்குள்: பள்ளியின் கல்லூரி ஆலோசகரோடு உட்கார்ந்து, விண்ணப்பக் கெடு இன்னும் முடியாத கல்லூரிகளைப் பட்டியலிடுங்கள். கைவிட்ட கல்லூரியில் அட்மிஷன் ஏற்கெனவே கிடைத்திருந்தால் அது ரத்தாகிவிட்டதா என்று அட்மிஷன் அலுவலகத்தையே கேளுங்கள். ஸ்காலர்ஷிப் போனாலும் அட்மிஷன் நிற்கும் வாய்ப்பு உண்டு. மதிப்பெண் அடிப்படையிலான உதவியைப் புதிதாகப் பரிசீலிக்கக் கேட்கலாம். சேர்க்கைக்குச் சம்மதம் சொல்லும் வழக்கமான கெடுவான மே 1 நெருங்குகிறது என்றால் பதில் தர அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

இதெல்லாம் எளிதாக வேண்டுமென்றால் முன்னேற்பாடு ஒன்று வேண்டும். வாய்மொழி ஆஃபர் கையில் இருந்தாலும் 'ஃபாஃப்சா' எனும் அரசு நிதியுதவி விண்ணப்பத்தை, பொதுவாக அது அக்டோபரில் திறந்தவுடனே, நிரப்பிவிடுங்கள். மூன்று நான்கு கல்லூரிகளுக்கு வழக்கமான மாணவராகவும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். "ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது, இனி எதற்கு?" என்று இதை விட்டவர்கள்தான் ஏப்ரலில் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஒரு வருடம் தள்ளிப்போட்டால்?

கல்லூரிக்குத் தயார்செய்யும் ப்ரெப் பள்ளியில் கூடுதலாக ஓர் ஆண்டு ஆடலாம். கூடைப்பந்தில் பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஓர் ஆண்டு சலுகைக் காலம் உண்டு. அதைத் தாண்டினால் ஆட்டத் தகுதி குறையலாம். அந்தப் பள்ளிகளின் கட்டணம் பெரிது. கட்டண உதவி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி இன்னொரு வழி. ஆனால் கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. எந்தக் கல்லூரியிலாவது முழுநேர மாணவராகச் சேர்ந்ததுமே ஆட்டத் தகுதிக் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வழக்குப் போடலாமா?

வாய்மொழி ஆஃபருக்காக வென்றெடுப்பது கடினம். ஒப்பந்தம் இல்லாதபோதும், ஒருவர் தந்த வாக்கை நம்பி நீங்கள் நடந்து அதனால் இழப்பு வந்தால் ஈடு கேட்கலாம் என்ற கோட்பாடு அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. கல்லூரித் தரப்பு வழக்கமாகச் சொல்லும் விடை: ஸ்காலர்ஷிப் தரும் அதிகாரம் கோச்சுக்கு இல்லை, வாய்மொழி ஆஃபர் கட்டுப்படுத்தாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பல மாநிலங்களில் வழக்குத் தொடரவே தடையும், முன்னறிவிப்புக்கு மிகக் குறுகிய கெடுவும் இருக்கும்.

நீதிமன்றங்கள் எழுத்தையே பார்க்கின்றன. 1972இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரான டெய்லர் வழக்கு அமெரிக்கக் கால்பந்து ஸ்காலர்ஷிப் பற்றியது. மாணவர் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக ஆட்டத்தை விட்டார், மதிப்பெண்ணும் உயர்ந்தது. ஆனாலும் ஆடுவது ஒப்பந்தத்தின் கடமை என்று வட கரோலைனா மேல்முறையீட்டு நீதிமன்றம் கல்லூரி பக்கம் நின்றது. கூடைப்பந்தில் முக்கியமானது கெவின் ராஸ் வழக்கு. கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு ஆடிவிட்டு, ஏழாம் வகுப்பு அளவு வாசிப்புத் திறனோடு பட்டமில்லாமல் வெளியே வந்ததாக அவர் முறையிட்டார். கல்வியின் தரத்துக்காக வழக்காட முடியாது, ஆனால் குறிப்பிட்ட வாக்குறுதி ஒன்றைத் தந்துவிட்டு அதை அறவே நிறைவேற்றவில்லை என்றால் ஒப்பந்த மீறலாகக் கேட்கலாம் என்று 1992இல் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. டியூட்டர், கோடை வகுப்பு, ஐந்தாம் ஆண்டு உதவி என்று எதைச் சொன்னாலும் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

டிவிஷன் 2, டிவிஷன் 3, ஐவி லீக்கில் எப்படி?

டிவிஷன் 2இல் ஓர் அணிக்கு 10 முழு ஸ்காலர்ஷிப்புக்கு இணையான தொகை. அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆகவே சதவீதத்தை எழுத்தில் கேளுங்கள். டிவிஷன் 3இல் விளையாட்டுக்குப் பணமே இல்லை. "ஆஃபர்" என்று அங்கே ஒருவர் சொன்னால் அது அணியில் இடம் மட்டும்.

பழைய, பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீக்கின் எட்டுக் கல்லூரிகளும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து 2023இல் பிரவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் இருவர் போட்ட வழக்கு அடுத்த ஆண்டு தள்ளுபடியானது. அங்கே கோச் தருவது அட்மிஷன் அலுவலகத்திடம் ஆதரவு. "அநேகமாகச் சேர்க்கப்படுவீர்" என்ற கடிதம் அக்டோபர் 1 முதல் வரலாம். அந்தக் கடிதம் வரும்வரை கோச்சின் ஆதரவும் வாய்ச்சொல்தான்.

ஸ்காலர்ஷிப்போடு பணமும் தருவதாகச் சொல்கிறார்கள். அதையும் நம்பலாமா?

ஹவுஸ் சமரசத்தின்படி 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகள் தங்கள் வருவாயில் பங்கை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகத் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இது ஸ்காலர்ஷிப்பிலிருந்து தனி ஒப்பந்தம். ஸ்காலர்ஷிப்புக்கு உள்ள பாதுகாப்பு இதற்கு உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். எந்தச் சூழலில் கல்லூரி முறிக்கலாம், நீங்கள் மாறிப்போனால் பணம் திருப்பித்தர வேண்டுமா, காயத்தில் என்ன ஆகும் என்ற மூன்று பிரிவுகளையும் வழக்கறிஞரைக் கொண்டு படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். வெளி நிறுவனங்களோடு செய்யும் 600 டாலருக்கு மேற்பட்ட பெயர்-உருவ ஒப்பந்தங்களை (உங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தருபவை) தனியே பதிவுசெய்து ஒப்புதல் பெற வேண்டும். அந்த ஒப்புதல் கிடைக்காத தொகையைக் குடும்பக் கணக்கில் சேர்த்துத் திட்டமிடாதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் வருபவருக்குத் தனிச் சிக்கல் உண்டா?

உண்டு. கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்புச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்டியிருக்கும். ஸ்காலர்ஷிப் போனால் அந்தக் கணக்கே குலைகிறது; வேறு நிதி காட்டிப் புதிய படிவம் வாங்க வேண்டும். விசா நேர்காணலுக்கு முன் ஆஃபர் போனால் இன்னும் மோசம். ஆகவே வெளிநாட்டு மாணவர் கையெழுத்தான நிதியுதவி ஒப்பந்தம் இல்லாமல் விமானச் சீட்டு எடுக்கக்கூடாது. தங்குமிடம், உணவுக்கான ஸ்காலர்ஷிப் தொகை வரிக்கு உட்பட்டது. பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். வருவாய்ப் பங்கோ விளம்பரப் பணமோ எஃப்-1 விசாவின் வேலைக் கட்டுப்பாட்டில் இடிக்கக்கூடும். இதற்குக் கல்லூரிக் கோச்சின் வார்த்தை போதாது, குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறையே நேர்மையானதுதானா?

முழுவதும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளில் ஆடும் பையன்களில் டிவிஷன் 1க்குப் போவது நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர். கோச்சுகள் நேரில் வந்து பார்க்க அனுமதியுள்ள கோடை நாட்கள் சில. அந்த நாட்களில் நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் நிறுவனங்கள் நடத்தும் போட்டிச் சுற்றுகளில் கூட்டம் குவிகிறது. அங்கே இடம் கிடைக்காத ஊர்ப்புற மாணவரும் பயணச் செலவுக்கு வழியில்லாதவரும் பார்வையிலேயே படாமல் போகிறார்கள்.

2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. நான்கு பெரிய கல்லூரிகளின் உதவிக் கோச்சுகளையும் அடிடாஸ் அதிகாரி ஒருவரையும் கைதுசெய்தது. லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாணவரை அனுப்ப அவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் பேசியதாகக் குற்றச்சாட்டு. வழக்கில் கல்லூரிகள் பாதிக்கப்பட்டவர்களாக நின்றன. அந்த இளைஞர் ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் முன்னாள் கோச் ஜெரோம் ஆலனோ, பணக்காரர் ஒருவரின் மகனைக் கூடைப்பந்து ஆட்டக்காரர் பட்டியலில் சேர்க்க லஞ்சம் வாங்கியதை 2018இல் ஒப்புக்கொண்டார். பட்டியலில் அப்படி ஒரு பெயர் ஏறினால், தகுதியோடு காத்திருந்த இன்னொரு பெயர் சத்தமில்லாமல் கீழே போகும்.

மாணவரும்தான் கமிட் ஆகிவிட்டு மாறுகிறார். அது மட்டும் சரியா?

அதுவும் வார்த்தை மாறுவதுதான். மாற நேர்ந்தால் அந்தக் கோச்சை அழைத்து நேரடியாகச் சொல்லுங்கள். அவர் ட்வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. மாணவர் விலகினால் கோச் மறுநாளே போர்ட்டலில் ஆள் தேடலாம். கோச் விலகினால் மாணவருக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது.

விதியில் என்ன மாற்றம் வேண்டும்?

எங்கள் பார்வையில் மூன்று. வாய்மொழி ஆஃபர் தரும்போதே, காலி இடம் எத்தனை, வெளியே இருக்கும் ஆஃபர் எத்தனை என்று மாணவருக்குச் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். மாணவர் சம்மதித்துவிட்டால், நவம்பரில் கையெழுத்து தொடங்கும் முதல் நாளிலேயே ஒப்பந்தம் கைக்கு வர வேண்டும். "வசந்தத்தில் பார்க்கலாம்" என்று இழுப்பது ஆஃபரைத் திரும்பப் பெற்றதாகவே கணக்காக வேண்டும். ஜனவரி 1க்குப் பிறகு படிப்போ நடத்தையோ அல்லாத காரணத்துக்காகக் கைவிடும் கல்லூரி, ஆடவிடாவிட்டாலும் முதல் ஆண்டுப் படிப்புச் செலவை ஏற்க வேண்டும். இன்றைய வருவாயில் பெரிய கல்லூரிகளுக்கு அது தாங்க முடியாத செலவு அல்ல.

வாய்மொழி ஆஃபர் வந்த அன்றே அனுப்ப ஒரு மாதிரி மின்னஞ்சல் கிடைக்குமா?

ஆங்கிலத்தில் அனுப்புங்கள். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

"இன்று மாலை பேசியதற்கு நன்றி, கோச். நான் புரிந்துகொண்டதை உறுதிசெய்ய எழுதுகிறேன். 2027 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு முழு ஸ்காலர்ஷிப் ஆஃபர் தருகிறீர்கள்; இன்று நான் சம்மதித்தால் ஏற்றுக்கொள்வீர்கள்; என் பொசிஷனில் காலி இடம் ஒன்று. நவம்பரில் கையெழுத்து தொடங்கும் நாளில் ஒப்பந்தம் அனுப்புவதாகச் சொன்னீர்கள். இதில் ஏதேனும் தவறாக இருந்தால் தெரிவியுங்கள். என் முடிவை வரும் 20ஆம் தேதிக்குள் சொல்கிறேன்."

நகலை விளையாட்டுத் துறையின் விதிமுறை இணக்க அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த ஆஃபரை முதல் நிலையில் வைத்துக்கொண்டு மற்ற கல்லூரிகளோடு பேச்சைத் தொடருங்கள்.